பாட்டி பெயர் போட்ட போர்வை

பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் பேரக்குழந்தைக்குப் போர்த்துவது வங்காளப் பாட்டிகளின் வழக்கம். அந்தத் தையலுக்கு இன்று உலகச் சந்தை இருக்கிறது. தைத்தவரின் பெயர்தான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

வங்காள கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பாட்டி தரும் முதல் பரிசு பழைய துணி. வருடக்கணக்கில் உடுத்தி, ஓயாமல் துவைத்து, நைந்து, பூப்போல ஆகிவிட்ட நூல் புடவை. அதை மடித்து அடுக்கி, நெடுக ஊசி ஓட்டி, குழந்தையைச் சுற்றி வைக்க ஒரு சின்னப் போர்வை ஆக்கிவிடுவார். புதுத் துணியின் மொடமொடப்பு பிஞ்சுத் தோலை உறுத்தும். பழசு உறுத்தாது. பழந்துணியில் கிடக்கும் குழந்தைமேல் யார் கண்ணும் படாது என்ற நம்பிக்கையும் உண்டு. பாட்டியின் சேலையில் தூளி கட்டி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதன் பெயர் காந்தா. பெயரும் நமக்கு அந்நியமானதல்ல. கசக்கிக் கட்டச் சொல்லி நம் பழமொழி உபதேசிக்கும் 'கந்தை'யும் வங்காளிகளின் 'காந்தா'வும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. நாம் கந்தையைக் கசக்கிக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். வங்காளத்துப் பெண்கள் அதில் தாமரை பூக்க வைத்தார்கள்.

எண்பதாயிரம் தையல்

செய்முறை எளிமையானது. துவைத்துக் காயவைத்த புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். மூன்று முதல் ஏழு அடுக்கு வரை வரும். வெளிப்பக்கத்துக்கு வெள்ளைத் துணி. ஓரங்களில் கனமான சாமான்களை வைத்து அழுத்தி, முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டி அடுக்குகளைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகுதான் அசல் வேலை. நூல்கூடக் கடையில் வாங்குவதில்லை. பழம்புடவையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களை உருவி எடுத்துக்கொள்வார்கள். புடவை போர்வையாகிறது, அதன் கரை தாமரையாகிறது. எதுவும் வீணாவதில்லை.

காந்தாவின் அடிப்படை வெறும் ஓட்டுத் தையல். ஊசி பிடிக்கத் தெரிந்த சிறுமிகூடப் போடக் கூடியது. கஷ்டம் தையலில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.8 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலத்தில் ஒரு போர்வை. அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல், அரை சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் 220 வரிசைகள், வரிசைக்கு 360 தையல்கள். மொத்தம் 79,200. பழகிய கை நிமிடத்துக்கு 20 தையல் போட்டாலும் 66 மணி நேரம். சமையல் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால் 33 மதியங்கள். இது நேர்கோடு ஓட்டுவதற்கு மட்டும். பூவும் மீனும் யானையும் வைத்தால் மாதங்கள் ஓடிவிடும். பாட்டி ஆரம்பித்து, மகள் தொடர்ந்து, பேத்தி முடித்த காந்தாக்களும் உண்டு.

குளிர்காலத்துக்குப் போர்த்திக்கொள்ளும் கனமான 'லேப்' மட்டுமே காந்தா அல்ல. விருந்தாளிக்கு விரிக்கும் 'சுஜனி', கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் 'ஆர்ஷிலதா', தலையணைக்கு 'ஓர்', காசுப் பை 'துர்ஜனி' என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உண்டு. யாருக்கு எது, அதில் என்ன உருவம் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் தைத்தவரேதான். வீட்டின் மற்ற விவகாரங்களில் அவரை யார் கலந்தாலோசித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஊசியில் கையெழுத்து

கொல்கத்தாவின் தெற்குக் கோடியில் ஜோகாவில் இருக்கும் குருசதய் அருங்காட்சியகம் இதற்குச் சாட்சி. ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காள மாவட்டங்களில் சுற்றிய குருசதய் தத் (1882-1941), மற்ற அதிகாரிகள் கண்ணில் படாத பொருள்களைச் சேகரித்தார். கிழவிகளின் பெட்டிக்குள் கிடந்த காந்தாக்களும் அவற்றில் அடக்கம். 1963ல் அந்தச் சேகரிப்பு அருங்காட்சியகமானது.

அங்கு இருப்பவற்றில் புகழ்பெற்றது மானதாசுந்தரி தாசி என்ற பெண் 19ம் நூற்றாண்டில் தைத்தது. சிப்பாய்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அதில் நடமாடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது அதில் தைக்கப்பட்டிருக்கும் எழுத்து: தன் கையால் தைத்து அப்பாவுக்குக் கொடுத்தது என்று பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார் அவர். பெண்களுக்கு எழுத்தறிவே அபூர்வமாக இருந்த காலத்தில், பழந்துணியில் ஒரு பெண் போட்ட கையெழுத்து அது.

காந்தாவின் பெருமையை வெளியே சொன்னவர்களில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் முக்கியமானவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2009-10ல் அங்கு தனிக் கண்காட்சியே நடந்தது. கிழக்கு வங்கக் கவிஞர் ஜசிமுத்தீன் 1929ல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப் பாட்டில், பிரிந்துபோன கணவனை நினைத்துத் தன் வாழ்க்கை முழுவதையும் காந்தாவில் தைத்துவிட்டு இறக்கிறாள் நாயகி.

வெளியூரில் இத்தனை மரியாதை. உள்ளூரில்? குருசதய் அருங்காட்சியகத்துக்குத் தந்துவந்த நிதியை மத்திய ஜவுளி அமைச்சகம் 2017ல் நிறுத்திக்கொண்டது.

சந்தைக்குப் போன ஊசி

வீட்டுக்குள் கிடந்த தையல் கடைக்குப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. சாந்திநிகேதனில் அதைப் புடவைக்கும் மேல்துணிக்கும் கொண்டுவந்தார்கள். 1980களில் கொல்கத்தாவின் ஷாம்லு துதேஜா போன்றவர்கள் கிராமத்துப் பெண்களைத் திரட்டிப் பட்டிலும் டசரிலும் தைக்கச் சொன்னார்கள். பீர்பூம் மாவட்டத்தில் வீடு வீடாக இந்த வேலை பரவியது. 2008ல் 'நக்ஷி காந்தா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கு 24 பர்கானாவின் சோனார்பூரில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023லும், பீர்பூமின் தக்தீரா பேகத்துக்கு 2024லும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மகளின் பள்ளிக் கட்டணத்தை ஊசியால் கட்டும் அம்மாவிடம் போய் பழைய காலம் மாதிரி வருமா என்று புலம்புவது அநியாயம். பாட்டியின் 66 மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அன்பு என்று பெயர் வைத்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கைமாறியது உழைப்பு மட்டுமல்ல. ஆர்டர் வேலையில் உருவத்தை வேறொருவர் வரைந்து துணியில் அச்செடுத்துக் கொடுக்கிறார். நூலின் நிறத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். கோட்டின்மேல் ஊசி ஓட்டுவதுதான் பெண்ணின் வேலை. கூலி, உருப்படிக் கணக்கு. மானதாசுந்தரி தன் பெயரைத் தைத்த இடத்தில் இன்று கடையின் முத்திரை தொங்குகிறது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். தைத்தவரின் பெயரைக் காப்பாற்ற அதில் வழியில்லை.

வீட்டில் நிலைமை வேறு. நூல் புடவை இருந்த அலமாரியில் பாலியெஸ்டர் புகுந்துவிட்டது. அது வியர்வையை உறிஞ்சாது. எத்தனை வருடம் உடுத்தினாலும் பழம்புடவையின் மென்மை அதற்கு வராது. கடையில் கம்பளியும் சுலபமாகக் கிடைக்கிறது. யாரோ ஒருவரின் கட்டிலுக்கு எண்பதாயிரம் தையல் போடும் பெண்ணின் வீட்டுக் குழந்தை கடைக் கம்பளிக்குள் தூங்குவதில் ஆச்சரியமில்லை.

மற்ற ஊர்ப் பாட்டிகள்

வங்காளத்தைத் தாண்டியும் இந்த வழக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதன் பெயர் கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஊசி நகரும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் 'பூ' வைக்காவிட்டால் வேலை முடிந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

பீகார் காட்டிய வழி கவனிக்கத் தக்கது. முசாஃபர்பூர் மாவட்டத்தின் புசுரா கிராமத்தில் 1980களின் இறுதியில் சுஜனித் தையலுக்குப் புத்துயிர் தந்தபோது, பெண்கள் பூவோடும் மயிலோடும் நிற்கவில்லை. வரதட்சணைக் கொடுமை, பெண் சிசுக் கொலை என்று தாங்கள் கண்டதைத் தைத்தார்கள். விற்பனைக்குப் போனாலும் என்ன சொல்வது என்ற உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

காந்தாவுக்கும் வேண்டியது அதுதான். கூலி கூடட்டும், விருதுகளும் வரட்டும். கூடவே துணியின் ஒரு மூலையில் தைத்தவரின் பெயருக்கு நான்கு விரல்கடை இடம் விடச் சொன்னால் எந்தக் கடையும் நொடித்துப்போகாது.