நீர்மேல் வீடுகள்: உண்டருல்டிங்கன் திறந்தவெளி அருங்காட்சியகம்

ஷோனெஃபெல்ட் வாழ் தமிழ்க் குடும்பத்தினர் விடுமுறையில் தென் ஜெர்மனி செல்கையில், போடன் ஏரிக்கரையிலுள்ள இவ்வருங்காட்சியகத்தைக் கண்டுவரலாம். கற்கால, வெண்கலக்கால வீடுகள் மரத்தூண்களின்மேல் மறுபடியும் எழுப்பப்பட்டுள்ளன. முதல் இரு வீடுகள் 1922இல் கட்டப்பட்டவை.

இவை மூல வீடுகள் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குதல் நலம். அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு அறிஞர் உய்த்துணர்ந்த வடிவங்களே இவை. உண்மையில் பல வீடுகள் நீர்மேல் அன்றி, கரையோர ஈரநிலத்தில் நின்றன எனப் பின்னர் அறியப்பட்டது.

மூலத்தூண்கள் காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருப்பதாலேயே அழியாதுள்ளன; வெளியே எடுப்பின் உலர்ந்து சிதையும். ஆறு நாடுகளிலுள்ள இத்தகைய 111 தொல்லிடங்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே, தொல்பொருள் எதனையும் காண நேர்ந்தால், அதனை எடுக்காது உரிய அலுவலகத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். இச்சட்டக் கடமை நமது பிராண்டன்பர்க் மாநிலத்திலும் உண்டு. தோட்டம் தோண்டுகையில் கிடைப்பனவற்றுக்கும் அது பொருந்தும்.