சம்பளம் ஏறினா வாடகையும் ஏறுதா? அதையே காலேஜ் சேமிப்பாக மாற்றும் அமெரிக்கத் திட்டம்

அமெரிக்காவில் அரசுக் குடியிருப்பில் வசிப்பவர்கள் பொதுவாக வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்ட வேண்டும். சம்பளம் ஏறினால் வாடகையும் ஏறும். அப்புறம் பிள்ளை படிப்புக்கு எப்படிச் சேர்ப்பது? இதற்காக 1990-ல் வந்ததுதான் 'ஃபேமிலி செல்ஃப் சஃபிஷியன்சி' திட்டம்.

எப்படி வேலை செய்யுது?

ஒரு கணக்கு பார்ப்போம். மாத வருமானம் 1,500 டாலர் என்றால் வாடகை 450. வருமானம் 2,000 ஆனதும் வாடகை 600. கூடுதல் 150 டாலரைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதே தொகையை வீட்டுவசதி அமைப்பு அந்தக் குடும்பத்தின் பேரில் மாதாமாதம் சேமிப்பில் போட்டுவிடும். 4 ஆண்டில் 7,200 டாலர், வட்டி தனி.

நிபந்தனை?

பொதுவாக 5 ஆண்டு ஒப்பந்தம். குடும்பத் தலைவர் வேலையில் இருக்கணும். முடியும்போது வீட்டில் யாரும் அரசின் ரொக்க உதவி வாங்கக் கூடாது. பாதியில் விட்டால் பொதுவாகப் பணம் கைக்கு வராது.

எப்போ சேரணும்?

சம்பளம் ஏறுவதற்கு முன்பே. சேர்ந்த பிறகு வரும் உயர்வுக்குத்தான் சேமிப்பு. பிள்ளை 8-ம் வகுப்பில் இருக்கும்போது சேர்ந்தால், பள்ளி முடியும் நேரத்தில் காலேஜ் ஃபீஸுக்குக் கையில் பணம் இருக்கும்.