கராஜ் பட்டறையைக் குளிர்காலத்தில் சூடாக்குதல்

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையை (கராஜ்) தச்சு வேலை, உலோக வேலை, வாகனப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கான பட்டறையாகப் பயன்படுத்துவோர் பலர். வின்னிபெக் போன்ற நகரங்களில் சனவரி இரவுகளில் வெப்பநிலை −20 °செ அளவுக்கு இறங்குவது வழக்கம். அத்தகைய இடங்களில் கராஜைத் தனியாகச் சூடாக்காவிட்டால் ஆண்டில் சில மாதங்கள் பட்டறை மூடியே கிடக்கும்.

வீட்டைச் சூடாக்கும் உலையின் காற்றுக் குழாயைக் கராஜுக்கு நீட்டிவிடலாமே என்று தோன்றலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு அதை அனுமதிப்பதில்லை. கார் புகையும் பெட்ரோல் ஆவியும் அதே குழாய் வழியாகப் படுக்கையறைக்குப் போய்ச் சேரக்கூடும் என்பதே காரணம்.

தேவை

கை விறைப்பது மட்டும் சிக்கல் அன்று. தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசைகளில் பல, ஏறத்தாழ 10 °செ-க்குக் கீழே சரியாக ஒட்டுவதில்லை. காய்ந்ததும் வெண்சுண்ணம் போல் உதிரும். நீரில் கரையும் வண்ணப்பூச்சு ஒருமுறை உறைந்தால் பெரும்பாலும் திரிந்துவிடும். கம்பியில்லாத் துளைப்பொறிகளில் உள்ள லித்தியம் அயனி மின்கலங்களை 0 °செ-க்குக் கீழே மின்னேற்றினால் அவை நிலையாகப் பழுதடையக்கூடும்.

வெப்பம் வெளியேறும் வழி

பெரும்பாலோர் முதலில் சூடேற்றி வாங்குகின்றனர். முதலில் பார்க்க வேண்டியது கதவை. இரண்டு கார்கள் நிற்கும் கராஜின் கதவு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்புள்ளது. வெப்பக் காப்பு இல்லாத ஒற்றைத் தகட்டுக் கதவு, சதுர மீட்டருக்கு ஒவ்வொரு பாகை வேறுபாட்டிற்கும் ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை இழக்கிறது. வெளியே −15 °செ, உள்ளே 15 °செ என்றால் கதவு வழியாக மட்டும் 1,800 வாட் போய்விடும். வட அமெரிக்காவின் சாதாரண 120 வோல்ட் மின்செருகியில் பொருத்தும் சூடேற்றிகளின் உச்ச அளவோ 1,500 வாட்தான். சுவர், கூரை, இடுக்குக் காற்று எதையும் கணக்கில் சேர்க்காமலேயே அந்தச் சூடேற்றி தோற்றுவிடுகிறது.

அதே கதவில் நுரைப் பலகை பதித்து இழப்பை 1 வாட் அளவுக்குக் குறைத்தால், கணக்கு 300 வாட்டாக இறங்கும். நடைமுறையில் பலகைகளின் மூட்டுகள் வழியே கொஞ்சம் கூடுதலாகவே கசியும் என்றாலும் வேறுபாடு பெரிது. கதவின் அடியிலுள்ள ரப்பர் பட்டை தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதும், கூரைக்கு மேலே காப்புப் பொருள் பரப்புவதும் இதனுடன் சேரும்.

சூடேற்றி வகைகள்

காப்பு செய்த கராஜுக்கு 240 வோல்ட்டில் இயங்கும் 5 கிலோவாட் மின்விசிறிச் சூடேற்றி பொதுவான தேர்வு. இதற்கு 30 ஆம்பியர் தனிச் சுற்று தேவை. மின்பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும். அகச்சிவப்புச் சூடேற்றி காற்றை விட்டுவிட்டு எதிரே உள்ள உடலையும் மேசையையும் சூடாக்கும். ஒரே இடத்தில் நின்று ஒரு மணிநேரம் வேலை செய்பவருக்கு அது போதும். பட்டறை முழுவதும் நடப்பவருக்குப் பயன் குறைவு. குளிர்நாடுகளுக்கென வடிவமைத்த வெப்ப எக்கி (ஹீட் பம்ப்) செலவிடும் மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பத்தைத் தரும். ஆனால் நிறுவும் செலவு அதிகம்.

எரிவாயுச் சூடேற்றிகளில் புகைபோக்கி உள்ளவை, இல்லாதவை என்ற பிரிவே முதன்மையானது. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் அடுப்பு மலிவு, உடனடியாகச் சூடேற்றும். ஆனால் 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி அறைக்குள்ளேயே சேர்கிறது. அந்த ஈரம் குளிர்ந்திருக்கும் வார்ப்பிரும்பு ரம்ப மேசையிலும் உளிகளிலும் பனித்துளியாகப் படிந்து துருவாகிறது. கருவிகளைக் காக்க மூட்டிய தீயே அவற்றைக் கெடுக்கிறது.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இவ்வளிமம், குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலாக வலுவாகப் பிணைகிறது. தலைவலியும் சோர்வும் வேலைக் களைப்பாகவே தோன்றுவதால் பாதிக்கப்பட்டவர் வெளியேறாமலே இருந்துவிடுவார். சில சூடேற்றிகளில் உள்ள தானே அணையும் உணரி, ஆக்சிசன் குறைவதை மட்டுமே அறியும். கார்பன் மோனாக்சைடை அளக்காது. ஆகவே தனி எச்சரிக்கைக் கருவி தேவை. கதவைச் சிறிது திறந்துவைக்கச் சொல்லும் அறிவுரை சரியானதே. ஆனால் சூடாக்கிய காற்றையும் அது வெளியே அனுப்பிவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால்தான் அமெரிக்க விதிகள் கராஜில் தீமூட்டும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் (ஏறத்தாழ 46 செ.மீ.) உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. நுண்ணிய மரத்தூள், மெருகெண்ணெய்க் கரைப்பான் ஆகியவை உள்ள பட்டறையில் திறந்த தீச்சுடர் எந்த உயரத்திலும் பொருந்தாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையை வெளியே விடும் மூடிய எரிகலன் சூடேற்றியே அங்கு ஏற்றது.

தூசு உறிஞ்சி

பலர் கவனிக்காத ஒன்று தூசு உறிஞ்சி. அது மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், 90 கன மீட்டர் கொண்ட கராஜின் சூடான காற்று முழுவதும் ஆறு நிமிடத்திற்குள் போய்விடும். போகும் காற்றை ஈடுசெய்யப் புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளிழுக்கப்பட்டால் புகையும் திரும்பிவரும். குளிர்காலத்தில் நல்ல வடிகட்டியுடன் காற்றை உள்ளேயே திருப்பிவிடுவது வழக்கம்.

எப்போது இயக்குவது

அறைக் காற்று அரைமணியில் சூடாகிவிடும். கான்கிரீட் தரையும் வார்ப்பிரும்பும் அப்படியல்ல. தினமும் வேலை செய்வோர் பட்டறையை எப்போதும் 5 °செ அளவில் வைத்து, வேலை நேரத்தில் மட்டும் 15 °செ-க்கு உயர்த்துகின்றனர். வார இறுதியில் மட்டும் நுழைபவர் சில மணிநேரம் முன்பே சூடேற்றியை இயக்கிவிட்டு, பசைப் புட்டியையும் மின்கலங்களையும் வீட்டுக்குள் வைத்திருந்து கையோடு கொண்டுவந்தால் போதும். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு இட்டால் தரையின் குளிர் காலில் ஏறாது.