வரிசையில் நிற்க முடியாத வயிறு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர் தப்பியோர் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். இத்தகைய முகாம்களில் நாம் பேச வெட்கப்படும் துன்பம் ஒன்றுண்டு: காலையில் மலசலகூட வரிசை. அதிலும் ‘ஐ.பி.எஸ்.’ எனும் குடல் உறுத்தல் நோய் உள்ளவர் பாடு பெரும்பாடு.

வயிற்றைப் பிசையும், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். குடலில் புண் இல்லை, புற்றுநோயாகவும் மாறாது. கிருமியால் வயிற்றோட்டம் கண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை இது பின்தொடர்கிறது. வீடும் தோட்டமும் இழந்த கவலையும் குடலைக் கலக்கும். இதை ‘மனப்பிரமை’ என்று நையாண்டி செய்வது நியாயமல்ல.

வெலிமடை மண்ணில் விளைபவற்றில் லீக்ஸும் கோவாவும் சிலருக்கு வாயுவைக் கூட்டும்; கரட்டும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நிவாரணப் பொதியில் வரும் பருப்பும் கோதுமை மாவும் (விலக்க வழியில்லைதான்!) பலருக்கு ஆகாதவை. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். குணம் தெரியாவிட்டால் மீண்டும் உண்ணுங்கள். முடிந்த நாட்களில் ரொட்டிக்குப் பதில் சோறு, தேத்தண்ணீர் குறைவாக, சாப்பாடு நேரத்துக்கு.

மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, காய்ச்சல், தூக்கத்தைக் குலைக்கும் பேதி என்பன கண்டால் வேறு நோயாக இருக்கலாம். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கினாலும் அவ்வாறே.

முகாம் குழுவினரிடம் ஒன்று கேட்கிறோம்: ஒரு மலசலகூடத்தை இந்நோயாளர், முதியோர், கர்ப்பிணிகளுக்கென ஒதுக்குங்கள். சாவியை, காரணம் கேட்காமல் கொடுக்கக்கூடிய ஒரு பெண்ணிடம் வையுங்கள்.