உளுந்தின் வேரைக் கருக்கும் பூஞ்சை

உளுந்தஞ்செடி வாடினால் தண்ணீர் பற்றவில்லை என்றுதான் முதலில் தோன்றும். மாசி, பங்குனி வெயிலில் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் மண்ணில் ஈரம் இருந்தும் திட்டுத் திட்டாகச் செடிகள் மஞ்சளடித்துத் தலை சாய்ந்தால், மடையைத் திறக்குமுன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். இழுத்ததும் வந்துவிடும். தூர் கருத்திருக்கும். பட்டை நார் நாராக உரியும். அதனுள்ளே கரித்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். இதுதான் வேரழுகல் நோய். காரணம், மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூஞ்சை.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் பூஞ்சையின் இழைகள் இறுகிக் கெட்டிப்பட்ட ஓர் உறக்க உருண்டை. செடி செத்தாலும் அது சாகாது. வேர்த்துண்டோடு மண்ணில் கிடக்கும். மண் காய்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அடுத்த பட்டத்தில் புது வேரின் கசிவு பட்டதும் முளைத்து வேருக்குள் நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைக்கிறது. ஈர மண்ணில் நிற்கும் செடி தாகத்தில் வாடுவது இதனால்தான்.

இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது 30 முதல் 35 டிகிரி வெப்பமும் வறண்ட மண்ணும். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரமாக உள்ள மணற்பாங்கான நிலத்தில் இரண்டுமே உண்டு. மணல் நீரைப் பிடித்து வைக்காது. மக்கிய சத்தும் அதில் குறைவு. உள்ளே தள்ளி மதுராந்தகம் பக்கத்து ஏரிப்பாசன வயல்களின் கதை வேறு. நெல்லுக்காக வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும் சேற்றில் இந்த உருண்டைகளில் பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால் நெல் அறுத்த வயலில் போடும் உளுந்துக்கு ஓரளவு காப்பு உண்டு. மேட்டு நிலத்தில் அந்தக் காப்பு இல்லை. அங்கே பயிரை மாற்றி நிலக்கடலையோ எள்ளோ போட்டாலும் பூஞ்சை பட்டினி கிடக்காது, அவையும் அதற்கு உணவுதான். 500-க்கு மேற்பட்ட தாவர இனங்களை அது தாக்கும்.

இலைமேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் அழுகிய வேர் மீளாது. லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து தூரில் ஊற்றினால் பக்கத்துச் செடிகளைக் காக்கலாம், அவ்வளவே. இந்த நோய்க்கு உண்மையான வைத்தியம் விதைப்பதற்கு முன்னால்தான். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் துணையும் ஒரு பூஞ்சையே: டிரைக்கோடெர்மா விரிடி.

ஒரு பூஞ்சை இன்னொரு பூஞ்சையைத் தாக்கி உண்பதை 1932-இல் அமெரிக்காவில் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். அவர் கண்டது டிரைக்கோடெர்மாவைத்தான். பகைப் பூஞ்சையின் இழை எதிர்ப்பட்டால் இது அதைச் சுற்றி வளைக்கிறது, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது, உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. வேரைச் சுற்றி முதலில் குடியேறிவிட்டால் பகைவனுக்கு இடமும் உணவும் கிடைக்காமல் செய்துவிடும். இத்தனை வேலையும் நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரமும் சேர்ப்பதானால் இந்த நேர்த்திக்குப் பிறகு அதை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். நிலத்துக்கு எக்டருக்கு டிரைக்கோடெர்மா 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இட வேண்டும். தொழுவுரம் இல்லாமல் வெறும் மணலில் தூவினால் பயன் மிகக் குறைவு. டிரைக்கோடெர்மாவுக்கும் ஈரமும் உணவும் வேண்டும். கடற்கரை நிலத்தில் தொழுவுரத்தை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்று சொல்வேன். பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு: அதே விதையில் கார்பன்டாசிமையும் கலந்துவிடுவது. அந்த ரசாயனம் நன்மை செய்யும் பூஞ்சையையும் கொன்றுவிடும். இரண்டில் ஒன்றுதான். பாக்கெட்டின் தேதியையும் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர், நாளாக ஆக வீரியம் குறையும்.

செத்த செடிகளை உழுது மடக்க வேண்டாம், வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பெயர் தெரியாத பாட்டிலுக்குக் காசு கொடுக்குமுன், வாடிய செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் போய்க் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டுங்கள்.