டிராக்டர் பழுதுச் செலவைக் குறைப்பது எப்படி?

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து டிராக்டர் நின்றுவிட்டால் விவசாயி என்ன செய்வார்? பழுது பார்க்கும் செலவு ஒருபுறம், நடவு தள்ளிப்போகும் நட்டம் மறுபுறம். வாடகைக்கு ஓட்டி, அந்த வருமானத்தில் கடன் தவணை கட்டுகிறவருக்கு இரண்டோடு அதுவும் முடங்கிப்போகும்.

டிராக்டரில் வரும் பெரிய பழுதுகளில் பல, திடீரென்று வருவன அல்ல. தூசி, தண்ணீர், கெட்டுப்போன எண்ணெய் ஆகிய மூன்றும் பல நாட்களாகச் சிறிது சிறிதாகச் செய்த வேலையின் முடிவே அவை. இம்மூன்றையும் தடுக்கத் தேவைப்படுவது தினமும் காலையில் பத்து அல்லது பதினைந்து நிமிடமும், சிறிதளவு எண்ணெயும் கிரீசும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாப் பகுதிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒருவரது டிராக்டர் சேற்றுழவில் இழுக்காமல் கரும்புகை கக்கியது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். வீட்டு நகையை அடகு வைக்க அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் களி போன்ற சேறு. மேலே காற்று நுழையும் வாயில் வைக்கோல் தூசி. வலையை டீசலில் அலசி உலரவைத்து, கிண்ணத்தைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றினோம். கரும்புகை அடங்கி, டிராக்டர் அன்று பிற்பகலே வயலில் இறங்கியது. செலவு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்!

அதே ஊரில் இன்னொருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அவர் அதைத் துணியால் சுற்றிக் கட்டி, ஒரு பருவத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். வடிகட்டாத தூசி உள்ளே போய் லைனர், பிஸ்டன், ரிங்குகள் எல்லாம் தேய்ந்துவிட்டன. நீலப்புகை வந்தபோது எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரப்பர் குழாய் ஒன்றை மாற்றாததன் விலை அது.

காற்று வடிகட்டி

எண்ணெய்க் கிண்ணம் உள்ள வடிகட்டியைத் தூசி மிகுந்த வேலை நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தாலோ எண்ணெய் கெட்டியாகியிருந்தாலோ உடனே மாற்றுங்கள். எண்ணெய் அளவு குறியீட்டுக் கோடு வரைதான் இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது.

புதிய டிராக்டர்கள் பலவற்றில் காகித வடிகட்டி உள்ளது. இதை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டியோ, குறைந்த அழுத்தக் காற்றை உட்புறமிருந்து வெளிப்புறமாகச் செலுத்தியோ தூசியை நீக்கலாம். காகிதம் கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அடைப்பைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். இரு வகையிலும் ரப்பர் குழாயும் அதன் கிளிப்புகளும் இறுக்கமாக உள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எஞ்சின் எண்ணெய்

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். அளவோடு நிறத்தையும் கவனிக்க வேண்டும். பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அளவு தானாகவே உயர்ந்து டீசல் வாடை அடித்தால் டீசல் கசிந்து இறங்குகிறது. இந்த இரண்டு நிலையிலும் எஞ்சினை ஓட்டக் கூடாது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது என்பது டிராக்டருக்கு டிராக்டர் வேறுபடும். பல புதிய மாடல்களில் இது 250 மணி நேரம். பழைய மாடல்களில் இதைவிடக் குறைவு. கையேட்டில் உள்ள கணக்கையும் எண்ணெய் ரகத்தையும் பின்பற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கிவிடும். எண்ணெய் மாற்றும்போதே எண்ணெய் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரில் புது எண்ணெய் ஊற்றுவது, அழுக்குச் சட்டியில் புதுச் சோறு வடிப்பது போன்றது. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாமல் டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

டீசலில் தண்ணீர் சேராமல்

மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். டேங்க் காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே உள்ள காற்றின் ஈரம் நீர்த்துளியாகி டீசலில் இறங்கிவிடும். டீசலைக் கேனிலோ பீப்பாயிலோ வாங்கி வருவோர் அதை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடிமண்டியை விட்டுவிட்டு, சல்லடை உள்ள புனலில் ஊற்ற வேண்டும். பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள்.

கசிவையும் சிறியது என்று எண்ண வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் இரவும் பகலும் டீசல் கசிந்தால், 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று கணக்கிட்டாலும், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகும். காரணம், பல நேரங்களில் தேய்ந்துபோன ஒரு வாஷராகத்தான் இருக்கும்.

ரேடியேட்டர்

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து எஞ்சின் சூடேறும். கையேட்டில் சொல்லியுள்ள கூலன்ட் கலவையையே பயன்படுத்துங்கள். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் பிளாக் வெடிக்கவும் கூடும். ஆறும்வரை பொறுத்திருங்கள். கதிரடிக்கும் பருவத்தில் ரேடியேட்டர் முகப்பில் அடையும் பதரை, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தினமும் நீக்க வேண்டும். பேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள்.

சேற்றுழவுக்குப் பின்

நெல் விவசாயிகளின் டிராக்டருக்குச் சேறுதான் முதல் எதிரி. முன் சக்கரக் குடத்திலும் அச்சு மூட்டுகளிலும் சேற்று நீர் புகுந்தால் பேரிங்குகள் துருப்பிடித்துப் போகும். சேற்றுழவு நாட்களில் மாலையில் டிராக்டரைக் கழுவி, நிப்பிள்களைத் துணியால் துடைத்து, பழைய கிரீஸ் வெளியேறும் வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் மேலுள்ள மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம் என்று பொருள். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டுவது சாலைக்கும் டிராக்டருக்கும் கேடு.

பேட்டரி, டயர், கிளட்ச்

பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளைப் படிவை நீக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கவனியுங்கள். பின் டயரில் வயல் வேலைக்கும் சாலை இழுவைக்கும் ஒரே காற்றழுத்தம் பொருந்தாது. கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள். ஓட்டும்போது கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டால், கிளட்ச் தட்டு நெடுநாள் உழைக்கும். ஓட்டுநர் வைத்திருப்போர் இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எது நம் வேலை, எது மெக்கானிக் வேலை?

எண்ணெய், பில்டர்கள், கிரீஸ், பெல்ட், பேட்டரி, போல்ட்டுகளை இறுக்குதல் ஆகியவற்றை நாமே செய்துகொள்ளலாம். சாதாரண பம்பு உள்ள டிராக்டரில் டீசல் தீர்ந்து காற்று புகுந்துவிட்டால், பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பால் குமிழி வராத வரை அடித்து மூடவும் பழகிக்கொள்ளலாம்.

டீசல் பம்பு, நாசில், ஹைட்ராலிக், கியர் பெட்டி ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம். காமன் ரெயில் முறையில் இயங்கும் புதிய எஞ்சின்களில் டீசல் குழாயை நாமாகத் தளர்த்தவே கூடாது. அதில் உள்ள அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. உத்தரவாதக் காலம் முடியும்வரை உரிய சர்வீஸ்களைத் தவறாமல் செய்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் புகையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புகை என்றால் முதலில் காற்று வடிகட்டியையும், பாரம் கூடுதலா என்பதையும் பாருங்கள். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் கலப்போ டீசல் சரியாக எரியாததோ காரணமாகலாம். செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். விலை குறைவு என்று போலிப் பில்டரை வாங்காதீர்கள். அங்கே மிச்சம் பிடித்தது எஞ்சினில் போய்விடும்.

நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, தேதி, ஓடிய மணி நேரம், ஊற்றிய டீசல், மாற்றிய எண்ணெய், பில்டர், செய்த செலவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஏக்கருக்கு ஆகும் டீசல் மெல்ல ஏறினால் நோட்டு முதலில் காட்டிக்கொடுக்கும். பழுது பெரிதாகும் முன் பிடித்துவிடலாம். டிராக்டரை விற்கும்போதும் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

ஐயமிருப்பின் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறியலாம். மாட்டுக்குத் தீவனம் வைத்துத் தண்ணீர் காட்டாமல் நம் பெரியோர் ஏர் பூட்டியதில்லை. டிராக்டருக்கும் காலையில் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தால், நடவு நாளில் அது நம்மைக் கைவிடாது.