மொட்டை மாடி ஒழுகுதா? பூச்சு போதுமா, தளத்தையே மாத்தணுமா?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிடும். அதற்குள் மொட்டை மாடியை ஒருமுறை பார்த்துடுங்க.

பராமரிப்பு: மழைநீர்க் குழாயில் இலை, குப்பை அடைச்சு தண்ணி தேங்குதா? சுத்தம் செய்தாலே போதும்.

பழுதுபார்ப்பு: தட்டோடு இடுக்கில் விரிசல் இருந்தால், அதை அடைத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கலாம். தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும். அதனால் வெயில் இருக்கும்போதே முடிச்சிடணும்.

மாற்றம்: வீட்டுக்குள் சீலிங் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியுதா? கடலோரத்தில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். துருவேறிய கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மேலே பூச்சு அடித்தால் ஒழுகுவது நிற்கலாம், துரு நிற்காது. கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் தளத்தையே மாற்ற வேண்டியிருக்கும். கட்டடப் பொறியாளரிடம் காட்டி முடிவெடுங்க. அதுவரை அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம்.